உளவியல் மாணவர்களுக்கான பல்கலைக்கழகத் தரவரிசை

பல்கலைக்கழகத் தரவரிசை என்பது, ஒரு பட்டப்படிப்பின் இறுதியில் தேர்ச்சி பெற்றவர்களுள் உயர்ந்த மதிப்பெண் ஈட்டியோரை முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்திச் சிறப்பிக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது யுனிவர்சிட்டி ரேங்க் எனப்படுகிறது. முதலிடம் பெற்றவருக்குப் பட்டமளிப்பு விழாவில் தங்கப் பதக்கம் அணிவிப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் பரவலான மரபு. (பல பல்கலைக்கழகங்களில் அது தங்க முலாம் பூசிய வெள்ளியே.) இக்கட்டுரை, கோயம்புத்தூரில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உளவியல் மாணவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கப்படுகின்றனர் என்பதை விளக்குகிறது.

எல்லாப் பாடங்களுக்கும் தரவரிசை உண்டு எனினும் உளவியலின் நிலை சற்று வேறானது. மனிதரின் திறனை அளப்பதும், அந்த அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என ஆராய்வதும் உளவியலின் பாடப்பொருளிலேயே அடங்கும். எனவே உளவியல் மாணவரை வரிசைப்படுத்தும் பட்டியலை, அம்மாணவர் வகுப்பில் கற்ற கருவிகளைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

வரலாறு

தேர்வு எழுதியோரை முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கத்துக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிதத் தேர்வு ஆகும். அதில் முதல் வகுப்பில் தேறியோர் ராங்லர் எனவும், அவர்களுள் முதல்வர் சீனியர் ராங்லர் எனவும் அழைக்கப்பட்டனர். 1899இல் ர. பு. பராஞ்சபே அவ்விடத்தைப் பெற்ற முதல் இந்தியரானார். பட்டியலில் மேலே வருவதற்காகவே மாணவர்கள் படிக்கின்றனர் என்ற குறைகூறல் வலுத்ததால், 1909க்குப் பின் கேம்பிரிட்ஜ் அந்த வரிசையை வெளியிடுவதை நிறுத்தியது.

இப்பட்டியலுக்கும் உளவியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தனியாள் வேறுபாட்டு ஆய்வின் முன்னோடியான பிரான்சிஸ் கால்டன், 1869இல் வெளியிட்ட தம் நூலில் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வின் மதிப்பெண்களைச் சான்றாகப் பயன்படுத்தினார். பட்டியலின் உச்சியில் இருப்பவர் அடியில் இருப்பவரைப் போலப் பல மடங்கு மதிப்பெண் பெறுவதைக் காட்டி, மனத்திறன் மனிதருக்கு மனிதர் பெரிதும் வேறுபடுகிறது என வாதிட்டார். அத்திறன் மரபுவழியாகவே வருகிறது என்ற அவரது முடிவு பின்னர் கடும் மறுப்புக்குள்ளானது. ஆயினும், தேர்வு மதிப்பெண்ணை மனத்தின் அளவாகக் கொள்ளும் பழக்கம் உளவியலின் தொடக்கத்திலேயே அதனோடு சேர்ந்துகொண்டது.

இந்தியாவில் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அடுத்து 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எம். வி. கோபாலசாமி தலைமையில் ஒரு துறை அமைந்தது. இவர் இலண்டனில் சார்லஸ் ஸ்பியர்மேனிடம் பயின்றவர். மனத்திறன் அளவீட்டின் கணித அடிப்படைகளை 1904இல் வகுத்தவர் அந்த ஸ்பியர்மேன். (கோபாலசாமி 1935இல் மைசூரில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கி, அதற்கு ஆகாசவாணி எனப் பெயரிட்டவரும் ஆவார்.) சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உருவானது. அக்காலத்தில் தமிழில் இத்துறை மனோதத்துவம், உளநூல் என்றெல்லாம் அழைக்கப்பட்டது. உளவியல் என்ற சொல் பின்னரே நிலைபெற்றது.

கோயம்புத்தூர்ப் பகுதியின் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே பல்கலைக்கழகத்தின் வேலை. பல ஊர்க் கல்லூரி மாணவர்களும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய அவ்வமைப்பில், மாகாணம் முழுவதற்கும் ஒரே தரவரிசை என்பது பொருளுடையதாகவே இருந்தது. கோயம்புத்தூரில் இயங்கிவந்த சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை மையத்தை அடித்தளமாகக் கொண்டு 1982இல் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் அமைந்தபோது, இந்த மரபும் அதனுடன் வந்தது.

தரவரிசைக்குரிய தகுதி

பாரதியார் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளின்படி, தரவரிசையில் இடம்பெற ஒரு மாணவர் எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். படிப்புக்குரிய குறைந்தபட்சக் காலத்துக்குள் பட்டத்துக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மீண்டும் எழுதிய தாளின் கூடுதல் மதிப்பெண் கணக்கில் சேராது. அப்பாடத்தில் தகுதி பெற்ற மாணவர்களில் 10 விழுக்காட்டினருக்கே இடங்கள் அறிவிக்கப்படும். அதுவும் பத்து இடங்களுக்கு மிகாது.

முதல் முயற்சி என்ற விதி நேர்மையானது போலத் தோன்றும். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்பதே அதன் நோக்கம். ஆனால் நடைமுறையில் அது திறமையை மட்டுமன்றி, மூன்று ஆண்டுகளும் இடையூறின்றிக் கழிந்தனவா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. காய்ச்சலால் ஒரு தேர்வை விட்டவரும், வீட்டில் இறப்பு நேர்ந்து ஒரு பருவம் தவறியவரும், மனச்சோர்வுக்கு மருத்துவம் பெற்று ஓராண்டு தாமதித்தவரும் மீதித் தாள்களில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் பட்டியலில் சேர மாட்டார்கள். மனநலத் தளர்ச்சி எவருக்கும் நேரக்கூடியது, அதிலிருந்து மீளமுடியும் என்பது உளவியல் பாடத்தின் முதன்மையான செய்திகளுள் ஒன்று. அப்பாடத்தின் தரவரிசையிலேயே மீண்டு வந்தவருக்கு இடமில்லை.

எத்தனை பேருள் முதலிடம்?

பத்து விழுக்காடு, மிகுதியாகப் பத்து இடம் என்ற வரம்பு சிறிய பாடத்திலும் பெரிய பாடத்திலும் வெவ்வேறு விளைவைத் தருகிறது. ஒரு கணக்குக்காக, ஓராண்டில் வணிகவியலில் 4,000 பேரும் உளவியலில் 40 பேரும் தகுதி பெற்றதாகக் கொள்வோம். வணிகவியலில் பத்து இடங்களே உண்டு. அதாவது 400 பேருக்கு ஒருவர். உளவியலில் நான்கு இடங்கள்; பத்துப் பேருக்கு ஒருவர். தகுதி பெற்றோர் 18 பேர் எனில் பத்து விழுக்காடு என்பது 1.8, அங்கே ஓர் இடத்துக்கு மேல் தருவதற்கு வழியில்லை. முதல் மாணவருக்கு மிக அருகில் வந்த இரண்டாமவருக்கு எந்தப் பெயரும் கிடைக்காது.

ஆகவே 'பல்கலைக்கழக முதலிடம்' என்ற சொல் மட்டும் அதிகம் உணர்த்துவதில்லை. எத்தனை பேருள் என்ற எண்ணும் அருகில் இருந்தால்தான் அது முழுமையான செய்தியாகும்.

தன்னாட்சிக் கல்லூரிகளால் ஏற்பட்ட மாற்றம்

ஒரே வினாத்தாள், ஒரே பட்டியல் என்ற பழைய நிலை கோயம்புத்தூரில் பெருமளவு மாறிவிட்டது. 1947இல் தொடங்கப்பட்ட பூ. சா. கோ. கலை அறிவியல் கல்லூரி, 1978இல் தன்னாட்சி பெற்றது. நாட்டிலேயே தொடக்கத்தில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் நகரின் முன்னணிக் கல்லூரிகள் பலவும், உளவியலை நெடுங்காலமாகக் கற்பித்துவரும் அரசு கலைக் கல்லூரி உட்பட, தன்னாட்சிக்கு மாறின. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வையும் தானே நடத்துகிறது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. தேர்வு வேறாகிவிடுவதால் தரவரிசையும் அக்கல்லூரி அளவிலேயே அமைகிறது. 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்கள் தமக்கெனத் தனிப் பட்டமளிப்பு விழாவையே நடத்துகின்றன.

இதன் விளைவாக ஒரே நகரில், ஒரே ஆண்டில், உளவியலில் பல 'முதல் மாணவர்கள்' இருப்பர். அவர்கள் ஒரே தேர்வை எழுதியவர்கள் அல்லர். ஒருவரை மற்றவரோடு ஒப்பிட வழியில்லை. தன்னாட்சியால் பாடத்திட்டம் விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்ற நன்மை பெரிது. அதற்குரிய விலைகளுள் இதுவும் ஒன்று. வேலைக்கு ஆள் எடுப்போரும், மேற்படிப்புக்குச் சேர்ப்போரும் இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாப் பதக்கங்களையும் ஒரே எடையில் நிறுப்பதே வழக்கமாக உள்ளது.

அளவீட்டுப் பிழை

ஒரு சோதனை நல்ல சோதனையா என அறிய உளவியலாளர் இரண்டு கேள்விகள் கேட்பர். திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா என்பது நம்பகத்தன்மை. அளக்க எண்ணியதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை.

தேர்வு மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் பழையது. பொருளியலாளரும் புள்ளியியலாளருமான எட்ஜ்வொர்த் 1888இலேயே, தேர்வு முடிவுகளில் தற்செயலின் பங்கு எவ்வளவு எனக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகியோர் ஓர் ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். 142 ஆசிரியர்கள் அதே தாளுக்கு அளித்த மதிப்பெண்கள் 100க்கு ஐம்பது அளவிலிருந்து தொண்ணூறுக்கு மேல் வரை பரவியிருந்தன. மொழிப்பாடத்தில் அப்படித்தான் இருக்கும் என்றனர் சிலர். அடுத்த ஆண்டு வடிவியல் தாளில் அதையே செய்தபோது வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது.

இதை இன்றைய தரவரிசைக்குப் பொருத்திப் பார்க்கலாம். அளவீட்டின் திட்டப்பிழையைக் காண ஒரு எளிய வாய்பாடு உண்டு: 1இலிருந்து நம்பகத்தன்மைக் கெழுவைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைத் திட்டவிலக்கத்தால் பெருக்க வேண்டும். ஒரு தாளில் திட்டவிலக்கம் 8 மதிப்பெண், நம்பகத்தன்மை 0.84 எனக் கொள்வோம். ஆசிரியர் திருத்தும் விரிவான விடைத்தாளுக்கு 0.84 என்பது தாராளமான மதிப்பீடே. 1 - 0.84 = 0.16, அதன் வர்க்கமூலம் 0.4; எட்டால் பெருக்கினால் 3.2 மதிப்பெண். இரு மாணவரின் வேறுபாட்டுக்குரிய திட்டப்பிழை இதன் 1.41 மடங்கு, அதாவது ஏறத்தாழ 4.5. படிப்பு முழுவதிலும் 20 தாள்கள் உண்டு, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனில், சராசரியில் இப்பிழை சுருங்கி ஏறத்தாழ 1 மதிப்பெண் ஆகும்.

அதாவது, சராசரியில் 86.4 பெற்றவருக்கும் 86.1 பெற்றவருக்கும் இடையிலுள்ள 0.3 மதிப்பெண், அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. முதல் சில இடங்களுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் இத்தகைய சிறு பின்னங்களே. அவ்விருவருள் யார் மேலானவர் என்பதற்கு அந்த எண் விடை தரவில்லை. ஆனால் பதக்கம் ஒருவருக்கு மட்டுமே உண்டு. முதல் இடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது என்பதை இக்கணக்கு மறுக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வரிசை முழுவதும் பொய்யன்று. அதன் உச்சியில் நிகழும் நுண்ணிய பிரிப்பே ஐயத்துக்குரியது.

தேர்வில் சேராத திறன்கள்

ஏற்புடைமை இதைவிடக் கடினமான கேள்வி. உளவியல் மாணவரின் வேலையில் பெரும்பகுதி விடைத்தாளுக்கு வெளியே நடப்பது. இளநிலையில் கண்ணாடி வரைதல், முல்லர்-லையர் பிழைத்தோற்றம், கவன வீச்சு முதலிய சோதனைகளைச் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் ஆள் தேவை. விடுதி அறைத் தோழி, கீழ்வகுப்பு மாணவர், சில வேளைகளில் உணவகப் பணியாளர் என எவரையேனும் இணங்கவைத்து, அவர் சலிப்படையாமல், குறிப்புக் கொடுத்துக் கெடுக்காமல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே குறித்துக்கொள்வது தனித் திறன். பாடநூலில் வரவேண்டிய முடிவு கைக்கு வராதபோது, அதைத் திருத்தாமல் அப்படியே எழுதும் நேர்மையும் அதில் அடங்கும். செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளருக்குக் கிடைப்பதோ அழகாகக் கட்டமைக்கப்பட்ட பதிவேடும் ஒரு சில நிமிட வாய்மொழித் தேர்வும்தான்.

முதுநிலையில் மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, தொழிற்சாலை ஆகிய இடங்களில் களப்பயிற்சி சேர்கிறது. ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்புத் தொழிற்கூடங்களும் நிறைந்த கொங்குப் பகுதியில் தொழிற்சாலை உளவியலுக்கு இயல்பான களம் உண்டு. இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளியிடம் வினாப்படிவத்தை நீட்டும் மாணவர், அவ்வினாக்களைக் கொங்குத் தமிழில் மாற்றிக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உளவளத்துணைக்குத் தேவையான பண்புகளாகக் கார்ல் ராஜர்ஸ் 1957இல் சுட்டியவற்றுள் பரிவுணர்வும் நிபந்தனையற்ற மதிப்பும் தலையாயவை. இவற்றைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்குச் சிறந்த விடை எழுதுவது ஒன்று. எதிரே அமர்ந்து அழுபவரிடம் அவற்றைக் காட்டுவது மற்றொன்று.

டேவிட் மெக்கிளெலண்ட் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கல்லூரி மதிப்பெண்ணும் நுண்ணறிவுச் சோதனையும் பின்னாளைய பணித்திறனைச் சரிவரக் காட்டுவதில்லை, வேலைக்குரிய திறமைகளை நேரடியாகவே சோதிக்க வேண்டும் என வாதிட்டார். (ஆந்திரத்துக் காக்கிநாடாவில் 1960களில் வணிகர்களுக்கு அடைவூக்கப் பயிற்சி அளித்துப் பார்த்தவரும் இவரே.) அவர் கூற்றை மறுத்தோரும் உண்டு. நுண்ணறிவுச் சோதனைகளின் முன்கணிப்புத் திறனை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது அவர்கள் வாதம்.

பரிசும் ஊக்கமும்

பரிசு ஆர்வத்தை வளர்க்குமா என்பது குறித்து உளவியலில் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வண்ணப் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலைப்பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என முன்பே கூறி, அவ்வாறே தந்தனர். இரண்டாம் குழுவுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் தந்தனர். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின் பேனாக்களை வகுப்பில் வைத்துப் பார்த்தபோது, முன்பே பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியளவே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

மழலையரிடம் கண்டதைப் பட்டதாரிகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் தங்கப் பதக்கம் என்பது முதல் பருவத்திலிருந்தே எதிர்பார்க்கப்படும் பரிசு. செய்தபின் எதிர்பாராமல் வரும் பாராட்டுக்கு, எடுத்துக்காட்டாக ஒரு நல்ல ஆய்வேட்டைத் துறைக் கருத்தரங்கில் படிக்கச் செய்வதற்கு, பதக்கம் போன்ற விளம்பரம் கிடைப்பதில்லை.

தரவரிசையின் பயன்கள்

குறைகள் இருப்பினும், இடம் பெற்றவருக்குத் தரவரிசை வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலைப் படிப்பில் முதல் இரண்டு இடங்களைப் பெற்றோர் முதுநிலை பயில உதவித்தொகை வழங்கிவந்தது. அத்திட்டத்தின் பிற்காலத்தில் தொகை மாதம் 3,100 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. வறிய குடும்பத்து மாணவிக்கு மேற்படிப்பா திருமணமா என்ற கேள்வி எழும் வீட்டில் இத்தொகையும், நாளிதழில் வந்த ஒரு புகைப்படமும் வாதத்தின் போக்கை மாற்றக்கூடியவை. 2023இல் முதுநிலைக்கான உதவித்தொகைத் திட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. புதிய திட்டத்தில் 10,000 பேருக்கு, ஆண்டில் பத்து மாதங்களுக்கு, மாதம் 15,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

தொழில் உரிமத்துக்கும் தரவரிசைக்கும் தொடர்பில்லை. உளவியலில் முதுநிலைப் பட்டமும் தங்கப் பதக்கமும் பெற்றவர் அதனாலேயே மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்பளித்த பயிற்சியை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். நெடுங்காலம் இதற்குரிய முதன்மை வழியாக இருந்தது ஈராண்டு எம்.ஃபில். படிப்பு. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளால் எம்.ஃபில். பொதுவாக நிறுத்தப்பட்டபோதும், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை அனுமதிக்கப்பட்டது. கல்லூரி ஆசிரியர் பணிக்கோ பொதுவாகத் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வு வேண்டும். அதில் எல்லோரும் மீண்டும் ஒரே வினாத்தாளை எழுதுகின்றனர்.

பிற முறைகள்

அமெரிக்காவில் உளவியல் மாணவர்களுக்கென சை கை என்னும் மதிப்புறு கழகம் 1929இல் நிறுவப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் அதன் கிளை இருந்தால், மதிப்பெண் அடிப்படையில் வகுப்பின் மேல் 35 விழுக்காட்டுக்குள் வரும் இளநிலை மாணவர் அதில் சேரலாம். 2009இல் அது பன்னாட்டுக் கழகமாக விரிந்தது. முதல்வர் யார் எனப் பிரிக்காமல், ஒரு தரத்தை எட்டிய அனைவரையும் ஏற்பது இதன் இயல்பு. உறுப்பினருக்கு ஆய்வு நல்கைகளும் ஆய்வுகளை வெளியிட ஓர் இதழும் உண்டு. அளவீட்டுப் பிழை இங்கும் இல்லாமலில்லை. 35 விழுக்காட்டு எல்லைக்கோட்டில் நிற்பவரை அது பாதிக்கும். ஆனால் முதல் இருவரைப் பின்னத்தால் பிரிக்கும் தேவை எழுவதில்லை.

தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. மாணவரிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் மன அழுத்தமும் உண்டாவதே இதற்குக் கூறப்பட்ட காரணம். அதுவரை முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவரின் வீட்டு வாசலில் தொலைக்காட்சி ஊர்திகள் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சியாக இருந்தது. பல்கலைக்கழகத் தரவரிசைக்கு அம்முடிவு நீட்டிக்கப்படவில்லை.